காகிதப் பட்டைக்கு அடியில்

அத்தியாயம் 17

வீட்டில் 'பெரியவள்', சலவைக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் 'தராசு'. இரண்டு பெயரையும் சுமக்கிற நம் மேனேஜர், போன வாரம் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாளே, நினைவிருக்கிறதா? அந்த மூச்சு அவளுக்கு நிலைக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணி வரைதான் தாங்கியது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற இடம் அது. வேலை செய்பவர்கள் இருபத்திரண்டு பேர். ஒரு ஆஸ்பத்திரி கைவிட்டுப் போனதும், ஆளைக் குறைக்கச் சொல்லி தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அதைக் கொண்டு வந்தவர் வட்டார மேலாளர். கெட்ட செய்தியையும் பல் தெரியச் சொல்வதால் அவருக்கு இங்கே 'சிரிப்பு சார்' என்று பெயர். எட்டுப் பேர் போகணும் என்று ஆரம்பித்தார். நம் மேனேஜர் மூன்று நாள் மல்லுக்கட்டி, கெஞ்சி, மேஜையைத் தட்டி, அதை ஒன்றுக்குக் கொண்டு வந்தாள். ஏழு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிரிப்பு சாருக்கு இரண்டு தடவை நன்றி வேறு சொன்னாள்.

அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்ய அவளே ஒரு வழி வைத்திருந்தாள். அவளுடைய தம்பியும் அதே இடத்தில்தான் துணி வண்டி தள்ளுகிறான். அக்கா ஆட்சி என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாதல்லவா? ஆகவே ஒவ்வொருவரும் இந்த வருஷம் தான் செய்ததை ஒரு தாளில் கையால் எழுதித் தரவேண்டும். பெயரின் மேல் பழுப்புக் காகிதப் பட்டை ஒட்டப்படும். மேனேஜர் பெயர் தெரியாமல் ஐம்பதுக்கு மதிப்பெண் போடுவாள். வருகைப் பதிவுக்கும் மற்றதற்கும் தலைமை அலுவலகம் ஐம்பது போடும். எல்லாம் முடிந்த பிறகுதான் கிளார்க் பட்டையைக் கிழித்துப் பட்டியல் போடுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதினாறாவது தாளை எடுத்தபோது அவளுக்குக் கை நின்றுபோனது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னப் புள்ளி. வரி கோணாமல் இருக்க முதலில் ஒரு புள்ளி வை என்று ஆறு வயதுப் பையனுக்கு ஒரு அக்கா சொல்லிக்கொடுத்த புள்ளி அது. அந்த அக்கா வேறு யாருமில்லை.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அப்பா போன் பண்ணியிருந்தார். அப்பா தம்பி வீட்டில் இருக்கிறார். "தம்பியப் பார்த்துக்கோம்மா" என்றார். அவன் பிறந்ததிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே அவளுக்கு முடி நரைத்துவிட்டது. எரிச்சலோடுதான் போனை வைத்தாள். அந்த எரிச்சல் தாளைத் திருத்துகிற கையிலும் இருந்தது. பென்சிலால் 42 என்று போட்டிருந்தவள் அதை அழித்துவிட்டுப் பேனாவால் 39 என்று எழுதினாள். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டவில்லை என்று தன் மனசாட்சிக்கே ரசீது கொடுத்த மாதிரி ஒரு திருப்தி.

நேற்று பட்டியல் வந்தது. கடைசிப் பெயர் தம்பியுடையது இல்லை. மடிப்பு மேஜையில் பதினேழு வருஷமாக நிற்கிற மடிப்பக்காவுடையது. பாவம்தான், என்ன செய்வது, முறைப்படி நடந்தது என்று பெரியவள் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

இனி இன்றைய கதை.

பத்து மணிக்கு மடிப்பக்காவை அறைக்குக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே வந்து, உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. புருஷன் போன வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இதெல்லாம் மேனேஜருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கண்ணைப் பார்க்காமல் உறையை மேஜை மேல் நகர்த்தினாள்.

மடிப்பக்கா உறையைப் பிரித்து, தாளை எடுத்து, மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திருப்பி நீட்டினாள்.

"நீங்களே படிச்சிடுங்க மேடம். எனக்குப் படிக்க வராது."

மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டாள். வேலை முடிகிறது, இந்த மாதக் கடைசி, சேவைக்கு நன்றி என்றெல்லாம் இருந்ததைக் குரல் நடுங்காமல் படித்து முடித்தாள். மடிப்பக்கா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். லீவு நிறைய ஆயிடுச்சு, அவரு கிடந்தப்போ பத்தொன்பது நாளு, அதனாலதான் இருக்கும் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள்.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

"மேடம், நான் சொன்னதையெல்லாம் நீங்கதான் படிச்சீங்களா? நல்லா இருந்துச்சா?"

"எது அக்கா?"

"அந்தத் தாளுதான். பதினேழு வருஷத்துல நான் என்ன பண்றேன்னு யாரும் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல உங்க தம்பிதான் உக்காந்து எழுதினாரு. சாப்பாட்டு நேரம் பூரா போச்சு அவருக்கு."

மேனேஜரின் கண் அலமாரியில் இருந்த கோப்பு மேல் போனது.

"நல்லா இருந்துச்சு அக்கா" என்றாள்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு மடிப்பக்கா மடிப்பு மேஜைக்குப் போய்விட்டாள். மாதக் கடைசி வரை வரவேண்டாம், இன்றோடு நின்றுகொள்ளலாம், மிச்ச நாள் விடுப்பு என்று கடிதத்தில் சலுகை மாதிரி ஒன்று எழுதியிருந்தது. ஆகவே இன்று ஐந்து மணிச் சங்குதான் அவளுக்குக் கடைசிச் சங்கு.

கிளார்க் டீ குடிக்கப் போகும் வரை காத்திருந்து மேனேஜர் தாள்கள் இருந்த கோப்பைத் திறந்தாள். தன் அலுவலகத்தில் தானே திருடி மாதிரி நின்றாள். பதினாறாவது தாள். பட்டை கிழிந்த இடத்தில் மடிப்பக்காவின் பெயர். அதற்குக் கீழே சாய்ந்த எழுத்து, வரிக்கு வரி புள்ளி.

இப்போது அவள் அதை முதல் தடவையாகப் படிப்பது போலப் படித்தாள். இஸ்திரி போடும் உருளைக்குள் போகும் முன்னால் கிழிசல் விரிப்புகளைத் தனியாக எடுத்து வைக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஊசி நூல் கொண்டு தைத்துவிடுகிறேன். தைத்தது ஒரு வருஷம் தாங்குகிறது. பிரசவ வார்டு விரிப்பை மட்டும் இரண்டு தடவை உதறிப் பார்ப்பேன், ஊசி கீசி இருந்தால் குழந்தைக்கு ஆகாது.

அட, வண்டி தள்ளுகிற ஆம்பளை எங்கே ஊசி நூலோடு உட்கார்ந்து தைத்தான்? அது அன்றைக்கும் கண்ணில் பட்டதுதான். தம்பி பெண்டாட்டியிடம் தையல் மெஷின் இருக்கிறதே, அங்கே கற்றிருப்பான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே படித்துவிட்டாள். தம்பி என்று ஒரு தடவை தீர்மானித்த பிறகு, தாளில் இருந்த அத்தனையும் தம்பியாகவே தெரிந்தது. பிரசவ வார்டைப் படித்தபோதுகூட, அவன் பெண்டாட்டிக்கு ஏழு மாசம், அந்த நினைப்பில் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது.

39 என்ற பேனா எழுத்துக்கு அடியில், அழித்த 42 இன்னும் லேசாகத் தெரிந்தது.

கணக்குக்கு விரல்விட வேண்டிய அவசியமில்லை. மடிப்பக்காவுக்கு மொத்தம் அறுபது. மூன்றைச் சேர்த்தால் அறுபத்து மூன்று. பட்டியலில் மடிப்பக்காவுக்கு நேர் மேலே அறுபத்திரண்டில் இருக்கிற பெயரை அவள் நேற்றே பார்த்திருந்தாள். பார்த்து, அப்பாடா தப்பித்தான் என்றுதான் மூச்சு விட்டாள்.

தம்பியின் தாளைத் தேடி எடுத்தாள். குண்டு குண்டான எழுத்து. நாற்பது போட்டிருந்தாள், யாரென்றே தெரியாமல்.

சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தேடிப்போனாள். ஈரத்துணி வண்டிகள் நிற்கிற பின்புற வராந்தாவில், கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். அக்கா வருவதைப் பார்த்ததும் எழுந்தான். வேலை நேரத்தில் அவன் அவளை அக்கா என்று கூப்பிடுவதில்லை, இதுவும் அவள் போட்ட சட்டம்தான். இன்றைக்கு அவளே கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உன் தாளை யார் எழுதினது என்று கேட்டாள். அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். பெண்டாட்டியை எழுதச் சொன்னானாம். என் கையெழுத்தைப் பார்த்தா உனக்குத் தர்மசங்கடம், கூடப் போட்டாலும் வம்பு, குறைச்சாலும் மனசு கஷ்டப்படுவே, எதுக்கு வம்புன்னுதான் என்றான். எத்தனை நல்ல எண்ணம் பாருங்கள். அக்காவும் நேர்மை, தம்பியும் நேர்மை. இரண்டு நேர்மையும் கைகோத்துக்கொண்டு போய் மூன்றாவது ஆள் தலையில் விழுந்தது.

அவள் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாதியிலேயே அவன் டப்பாவை மூடிவிட்டான்.

"எவ்வளவு குறைச்சே?"

"மூணு. நாப்பத்திரண்டை முப்பத்தொன்பதாக்கினேன்."

"நான்னு நினைச்சு."

"ஆமா."

அவன் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அவள் பயந்தாளோ, அது அவன் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"முதல்ல நாப்பத்திரண்டு போட்டேல்ல. அது அந்த வேலைக்கு. செஞ்சது நான்னு நினைச்சதும் அதே வேலை மட்டமாயிடுச்சா அக்கா?"

அவள் கீழே விழுந்து கிடந்த ஒரு விரிப்பை எடுத்து வண்டியில் போட்டாள். அவனே தொடர்ந்தான்.

"எனக்கு வருகையில குறைஞ்சது எதனாலன்னு தெரியுமில்ல? அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்தப்போ ரெண்டு பேருல ஒருத்தர்தான் லீவு போட முடியும்னு சொன்னே. நீ மேனேஜர், உன்னால முடியாதுன்னு நான் போட்டேன்."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பாள். அவன் மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னான். பிறகு எழுந்து, காலையில் கடிதம் கொடுத்த பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலின் பக்கம் தலையைத் திருப்பினான். மொத்த மதிப்பெண் எல்லாரும் பார்க்கிற மாதிரி அதில் இருந்தது. ஒளிவு மறைவு கூடாது என்று ஒட்டச் சொன்னதும் அவள்தான்.

"அறுபதும் மூணும் அறுபத்து மூணு" என்றான். மேலே எதுவும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அந்த வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். வராந்தா முனை திரும்பும் வரை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஈரத்துணிகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு மணிக்குச் சிரிப்பு சாருக்குப் போன் போட்டாள். தவறு நடந்துவிட்டது, கையெழுத்து தெரிந்து மதிப்பெண்ணை மாற்றிவிட்டேன், பட்டியலை ரத்து செய்யுங்கள் என்றாள். அவர் சிரித்தார். மனுஷங்கதானே மேடம், இதையெல்லாம் எழுத்துல கொண்டு வராதீங்க, பேரை மாத்தணும்னா அஞ்சு மணிக்குள்ள மாத்தி அனுப்புங்க, எனக்கு ஒரு பேரு வேணும் அவ்வளவுதான் என்றார்.

அவள் கடைசியாக ஒரு தடவை பேரம் பேசிப் பார்த்தாள். எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி வந்தீர்களே, அந்த ஒன்றையும் விட்டுவிடக் கூடாதா என்று கேட்டாள்.

சிரிப்பு சாருக்கு அன்று நல்ல மனநிலை. மேனேஜரை இன்னும் கொஞ்சம் வளர்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"எட்டுன்னு யாரு மேடம் கேட்டாங்க? மேலருந்து வந்ததே ஒண்ணுதான். ஒண்ணுன்னு ஆரம்பிச்சிருந்தா நீங்க பூஜ்யத்துல நிப்பீங்க. எட்டுல ஆரம்பிச்சதாலதான் ஒண்ணைச் சிரிச்ச முகமா வாங்கிட்டுப் போனீங்க. இது தொழில்ல கத்துக்க வேண்டியது."

போனை வைத்த பிறகு அவள் கை மேஜை மேலேயே கிடந்தது. மூன்று நாள் வாதாடி ஜெயித்தேன் என்று நினைத்தது, அவர் வைத்த தட்டில் அவர் பரிமாறியதைத் தின்றதுதான். அந்த ஒன்று தேவைதானா என்று ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. ஏழு பேரைக் காப்பாற்றிய பெருமையில், எட்டாவது ஆளுக்காக வாயைத் திறக்கவே மறந்துவிட்டாள். காப்பாற்றியதாக நினைத்த அந்த ஏழு பேரும் ஆபத்தில் இருந்ததே இல்லை.

நாலு மணிக்கு அப்பா போன்.

"பட்டியல்ல கடைசிப் பேரு தம்பியோடது இல்லையாமேம்மா. காலையிலயே மருமக சொல்லிட்டா. நான் அன்னைக்குச் சொன்னப்போ நீ கோவமா போனை வெச்சே. அப்பவே தெரியும், கோவப்பட்டாலும் நீ பார்த்துப்பேன்னு."

"நான் ஒண்ணும் பண்ணலப்பா."

"சரிம்மா, வெளிய சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது."

செய்யாத உபகாரத்துக்கு ஆசீர்வாதம் வாங்குவதைவிடக் கொடுமை உண்டா? அப்பா, உங்க மகனுக்கு நான் கெடுதல்தான் நினைச்சேன், அது தடம் மாறிப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். மறுமுனையில் கிழவர் இருமினார், சந்தோஷத்தில் ஏதோ பேசினார், பிறகு வைத்துவிட்டார். சொல்லாதது சொல்லாததாகவே நின்றது.

பெயர் மாற்றுகிற படிவத்தை எடுத்து வைத்தாள். இருக்கிற பெயர் என்ற இடத்தில் மடிப்பக்காவின் பெயரை எழுதினாள். மாற்றுப் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. தம்பியின் வீட்டில் ஏழு மாசத்து வயிறு, இருமுகிற அப்பா. இந்தப் பக்கம் புருஷனைப் பறிகொடுத்தவள், படிப்பை முடிக்காத பெண். எந்தப் பக்கம் எடை அதிகம் என்று தராசு தேடியது. தேடத் தேட, தம்பி பெயரை எழுதாமலிருக்கவும் நியாயம் கிடைத்தது, எழுதவும் நியாயம் கிடைத்தது. தன் நியாயங்களை நம்பும் காலம் போய்விட்டது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாற்பத்திரண்டு அந்த வேலைக்குப் போட்டது. முப்பத்தொன்பது எரிச்சலுக்குப் போட்டது. வேறு எதை யோசித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நின்றாள்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்க, எழுந்து மடிப்பு மேஜைக்குப் போனாள்.

மடிப்பக்கா கடைசி அடுக்கை மூலைக்கு மூலை சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முன்துணியைக் கழற்றி மடித்து, அதன் மேல் ஒரு தகர டப்பாவை வைத்திருந்தாள். மேனேஜரைப் பார்த்ததும் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளை நூல் கண்டுகள், ஊசிகள், ஒரு சின்னக் கத்தரி.

"இது என் சொந்தம்தான், ஆனா இங்கயே இருக்கட்டும். கிழிசலை யாராவது பார்த்துத் தைக்கச் சொல்லுங்க. இல்லன்னா உருளை பிடிச்சு முழுசாக் கிழிச்சிடும்."

மேனேஜர் கையை நீட்டினாள். டப்பாவுக்காக இல்லை.

"காலையில குடுத்த கடிதத்தைக் குடுங்க அக்கா. தப்பா குடுத்துட்டேன். உங்களுக்கு மூணு மார்க்கு கூட வரணும். நான்தான் குறைச்சேன்."

மடிப்பக்கா எதுவும் கேட்காமல் இடுப்பிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. மனுஷி தானே. உறையின் ஒரு நுனியை மேனேஜர் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மடிப்பக்காவுக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"அப்ப வேற யாரு மேடம்?"

பின்னால் கிறீச்சிட்டு வந்துகொண்டிருந்த வண்டிச் சக்கரம் நின்றது. மேனேஜர் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து தொண்டையில் கிடந்த வார்த்தை, யாரிடமும் சொல்ல முடியாமல் போனது, இந்த அம்மாளிடம் வந்துவிட்டது.

"என் தம்பி."

மடிப்பக்காவின் முகத்து வெளிச்சம் போய்விட்டது. தன் மகளின் படிப்பு ஒரு கணம் அவள் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். ஆனாலும் உறையை விட்ட விரல்கள் மறுபடி அதன் மறு நுனியைப் பிடித்துக்கொண்டன.

"உக்காந்து எழுதிக்குடுத்த புள்ள அது. குடுங்க மேடம் அதை."

ஐந்து மணிச் சங்கு ஊதியது. மற்றவர்கள் முன்துணிகளைக் கழற்றிக்கொண்டு வாசல் பக்கம் போகத் தொடங்கினார்கள். மடிப்பு மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்ற இருவரும் உறையை விடவில்லை.